யாருக்கு என்று முடிவு செய்யாமல் காயின் அடிக்காதீர்கள்

ஒரு தொண்டு நிறுவனத்துக்கு சேலஞ்ச் காயின் (உரியவரைக் கௌரவிக்கக் கொடுக்கும், சின்னம் பொறித்த உலோக வில்லை) செய்யலாம் என்ற பேச்சு எழுந்ததும் முதலில் திறக்கப்படுவது டிசைன் மென்பொருள். நடுவில் லோகோ, சுற்றிலும் பெயர், பின்பக்கம் ஒரு வாசகம் என்று அரை நாளில் படம் தயாராகிவிடும். ‘ஐந்நூறாகப் போட்டால் விலை நன்றாகக் குறையும்’ என்று யாராவது சொல்வார்கள். ஐந்நூறு வந்து இறங்கும். எண்பது பேருக்குக் கொடுத்த பிறகு மிச்சத்தை என்ன செய்வது என்று தெரியாமல், நிகழ்ச்சிக்கு வந்தவர், வராதவர், கார் நிறுத்துமிடத்தில் வழிகாட்டியவர் என்று கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் வாரி வழங்கப்படும். அந்த எண்பது பேர் வைத்திருக்கும் காயினும் அன்றோடு சாதாரணமாகிவிடும்.

ஆகவே இங்கே வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். பெயர்ப் பட்டியல் முதலில், எண்ணிக்கை அடுத்து, உலோகமும் முலாமும் அதற்குப் பின், டிசைன் கடைசியில்.

சேலஞ்ச் காயின் என்பது அமெரிக்க ராணுவத்தில் வேரூன்றிய வழக்கம். ஒரு படைப்பிரிவின் சின்னம் பொறித்த கனமான உலோக வில்லை, அந்தப் பிரிவைச் சேர்ந்தவரிடம் மட்டும் இருக்கும். ஒருவர் தன் காயினை மேசையில் தட்டினால் மற்றவர்களும் எடுத்துக் காட்ட வேண்டும், காட்ட முடியாதவர் எல்லாருக்கும் குடிக்க வாங்கித் தர வேண்டும். பெயரில் உள்ள ‘சேலஞ்ச்’ இதுதான். முதல் உலகப் போரில் பிடிபட்ட விமானி ஒருவர் கழுத்தில் இருந்த பதக்கத்தைக் காட்டி உயிர் தப்பிய கதையை எல்லா விற்பனையாளரும் சொல்வார்கள். அதற்கு ஆவணச் சான்று கிடையாது. உங்கள் காயினோடு வைக்கும் அட்டையில் அதை வரலாறாக அச்சடிக்காதீர்கள். படைவீரர் நல அமைப்புகள், தீயணைப்பு வீரர் குடும்ப நிதிகள் வழியாக இந்த வழக்கம் தொண்டுத் துறைக்குள் வந்தது. குடியை விட்டவர்களுக்கு மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் கொடுக்கப்படும் வில்லைகள் இதற்கு நெருங்கிய உறவு. காசு கொடுத்து வாங்க முடியாதது என்பதுதான் இரண்டுக்கும் பொதுவான உயிர்நாடி.

அதனால் முதல் விதி: கௌரவிக்கக் கொடுக்கும் காயினை விற்காதீர்கள். நிதி திரட்ட விற்க வேண்டுமானால் அது வேறு காயினாக இருக்கட்டும். இதற்கு இரண்டு டிசைன் தேவையில்லை. ஒரே எஃகு அச்சில் (தொழிலில் இதை ‘டை’ என்பார்கள்) அடித்து, கொடுப்பதற்குப் பழம்பொன் நிற முலாம், விற்பதற்குப் பழவெள்ளி நிற முலாம் என்று பிரித்துக்கொள்ளலாம். டைக்கான கட்டணம் ஒரு முறைதான். கொடுக்கும் காயினில் மட்டும் வரிசை எண் பொறித்துவிட்டால் குழப்பம் முழுதாகத் தீரும். சில தொழிற்சாலைகள் முலாம் மாறினால் அதைத் தனி ஆர்டராகக் கணக்கிட்டு விலையை ஏற்றும். பேசும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

எண்ணிக்கைக்கு ஓர் உதாரணம். மூன்று ஆண்டுகளாக மாதந்தோறும் பணம் அனுப்புபவர்கள் 120 பேர், நீண்ட காலத் தன்னார்வலர்கள் 45 பேர், தொடக்க காலத்தவர்கள் 15 பேர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 180. அடுத்த இரண்டு ஆண்டில் இந்தத் தகுதியை எட்டப்போகிறவர்களை உங்கள் பதிவேட்டிலிருந்தே எண்ணிவிடலாம். அது 60 என்றால் கூட்டுத்தொகை 240. தொலைந்துபோவதற்கும் பழுதுக்கும் 5 சதவீதம், அதாவது 12 சேர்த்தால் 252. ஆக 250 போதும். 500-க்கு ஒரு காயின் விலை குறையும்தான், ஆனால் மொத்தச் செலவு கூடும், பெட்டியும் மேசைக்கடியில் தங்கும். காயினில் ஆண்டைப் போடாதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். ‘2025’ என்று டையிலேயே வெட்டிவிட்டால் 2026-ல் மிச்சமிருப்பவை பழைய இரும்புக்கடைச் சரக்கு. ஆண்டு வேண்டும் என்றால் வரிசை எண்ணோடு சேர்த்து லேசரில் பொறிக்கச் சொல்லுங்கள்.

அளவு, எடை, உலோகம்

வழக்கமான அளவுகள் மூன்று: 38 மி.மீ., 44 மி.மீ., 50 மி.மீ. (ஒன்றரை, ஒன்றேமுக்கால், இரண்டு அங்குலம்). இந்தியப் பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ., பிரிட்டனின் இரண்டு பவுண்டு நாணயம் 28.4 மி.மீ. என்று நினைவில் வைத்துக்கொண்டால் கை அளவு புரியும். தொண்டு நிறுவனக் காயினுக்கு 44 மி.மீ., 3 மி.மீ. கனம் சரியான இடம். 38-ல் எழுத்துக்கு இடம் போதாது. 50 மி.மீ. காயின் சட்டைப்பையில் கனக்கும், தபால் செலவையும் ஏற்றும்.

காயினின் மரியாதை பாதி எடையில் இருக்கிறது. 44-க்கு 3 மி.மீ. என்றால் கன அளவு ஏறக்குறைய 4.56 கன சென்டிமீட்டர். பித்தளையில் அது சுமார் 39 கிராம், துத்தநாகக் கலவையில் 30 கிராம் சொச்சம். புடைப்பும் பள்ளமும் போக இரண்டிலும் சில கிராம் குறையும். கையில் வைத்ததும் இந்த வித்தியாசம் தெரியும். அடித்த பித்தளையில் விளிம்புகள் கூர்மையாக நிற்கும். துத்தநாகக் கலவை உருக்கி வார்க்கப்படுவது. வெட்டுத் துளைகள், வட்டமல்லாத வடிவங்கள், ஆழமான முப்பரிமாணம் ஆகியவற்றுக்கு அதுதான் தோது. வார்ப்பில் நுண்ணிய காற்றுக்குமிழி சிக்கினால் முலாமுக்கு அடியில் பருப்போல எழும்பி, சில மாதங்களில் அங்கிருந்து உரியத் தொடங்கும்.

மூன்றாவது ஒன்று உண்டு: இரும்பு. விலைப்பட்டியலில் உலோகத்தின் பெயரே இல்லாமல் ‘உயர்தர மெட்டல்’ என்றிருந்தால் சந்தேகப்படுங்கள். மாதிரி வந்ததும் ஒரு காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். வெடுக்கென்று ஒட்டிக்கொண்டால் இரும்பு. விளிம்பில் முலாம் தேய்ந்த இடத்திலிருந்து துரு ஏறும். பத்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று கொடுக்கும் பொருளுக்கு அது ஆகாது.

எனாமலும் முலாமும்

எனாமல் என்பது காயினின் பள்ளங்களில் நிரப்பும் வண்ணம். சாஃப்ட் எனாமலில் உலோகக் கோடுகள் மேலே நிற்கும், வண்ணம் பள்ளத்தில் கிடக்கும், விரலால் தடவினால் மேடுபள்ளம் தெரியும். முதலில் முலாம், பிறகு வண்ணம். ஹார்டு எனாமலில் பள்ளத்தை வண்ணத்தால் நிரப்பி, சூடேற்றி இறுக்கி, உலோகத்தோடு சமமாகத் தேய்த்துவிடுவார்கள். முலாம் அதற்குப் பிறகு ஏறும். இந்த வரிசை வித்தியாசத்தால் பழம்பொன், பழவெள்ளி போன்ற கறுத்த முலாம்கள் ஹார்டு எனாமலோடு பொதுவாகச் சேராது. இரண்டையும் ஒன்றாகக் கேட்டு, ‘ஆகட்டும்’ என்று பதில் வந்தால், அந்த விற்பனையாளர் தொழிற்சாலையிடம் இன்னும் கேட்கவில்லை என்று பொருள்.

என் தேர்வு பழம்பொன், பழவெள்ளி போன்ற கறுத்த முலாம், வண்ணம் மிகக் குறைவாக அல்லது இல்லவே இல்லாமல். பள்ளத்தில் கறுப்பு தங்கி மேடு பளபளப்பதால் எழுத்து தெளிவாகப் படிக்கும், கைரேகை தெரியாது, தேய்ந்தாலும் அழகாகத் தேயும். பளிச்சென்ற தங்க முலாம் படத்தில் நன்றாக இருக்கும். நேரில், முதல் ஆள் தொட்ட கையோடு ரேகை விழும். வண்ணத்தின் மேல் கண்ணாடி போல ஊற்றும் எபாக்சி பூச்சு வெயில் படும் அலமாரியில் வைத்தால் மஞ்சளிக்கும்.

வண்ணம் கண்டிப்பாக வேண்டும் என்றால் பான்டோன் எண்ணை (அச்சுத் தொழிலில் ஒவ்வொரு நிறத்துக்கும் உள்ள அடையாள எண்) கொடுங்கள், பூச்சுத் தாளுக்கான வரிசையிலிருந்து. ‘எங்கள் இணையதளத்தில் உள்ள நீலம்’ என்று சொன்னால் எந்த நீலமும் வரலாம். நிறம் மெல்ல மங்கி வேறு நிறமாகும் லோகோவை எனாமலில் செய்ய முடியாது. ஒவ்வொரு நிறத்துக்கும் இடையில் ஓர் உலோகக் கரை வேண்டும். அப்படிப்பட்ட லோகோவைத் தட்டையான இரு நிறங்களாகக் குறைப்பதே நல்லது. மேலே அச்சடித்து ஒட்டுவது போன்ற வழிகள் இருக்கின்றன, பார்ப்பதற்கும் அப்படியே, ஒட்டியது போலவே இருக்கும்.

தமிழ் எழுத்து படும் பாடு

லண்டனிலும் டொராண்டோவிலும் தமிழர் நடத்தும் தொண்டு அமைப்புகள் காயினில் தமிழ்ப் பெயர் கேட்பது இயல்பு. அடிப்பது பெரும்பாலும் சீனாவில். அங்கே கோப்பைத் திறப்பவருக்குத் தமிழ் தெரியாது, அவர் கணினியில் உங்கள் எழுத்துருவும் இருக்காது. ஆகவே எழுத்தை எழுத்தாக அனுப்பவே கூடாது. இல்லஸ்ட்ரேட்டரில் எல்லா எழுத்தையும் அவுட்லைனாக மாற்றி, வெறும் கோட்டுருவமாக அனுப்புங்கள். அதற்கும் முன்னால், மென்பொருளில் ‘வேர்ல்ட் ரெடி கம்போசர்’ என்ற அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ‘கொ’வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். தப்பான உருவத்தை அவுட்லைன் ஆக்கினால் தப்பு நிரந்தரமாகிவிடும்.

அடுத்தது வளைவு. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஒரே உயரத்தில் பெட்டி பெட்டியாக நிற்பவை, வட்டத்தில் சுற்றினால் கெடாது. தமிழ் அப்படியில்லை. காயினின் மேல் வளைவில் எழுத்தின் தலை வெளிப்பக்கம் விரியும், கால்பக்கம் நெருங்கும். ‘கு’, ‘மு’, ‘ழு’ இவற்றின் கீழ்ச்சுழிகள் பக்கத்து எழுத்தோடு மோதும். கீழ் வளைவில் தலைப்பக்கம் நெருங்குவதால் ‘ி’, ‘ீ’ சுழிகளும் புள்ளிகளும் ஒன்றையொன்று முட்டும். எழுத்திடைவெளியைக் கூட்டிச் சரிசெய்யலாம் என்று போனால் ‘கா’வின் கால் தனியாகப் பிரிந்து போகும். ஒவ்வோர் எழுத்தையும் அதன் கொம்பு, கால், புள்ளியோடு ஒரு தொகுதியாகக் கட்டி, கையால் வட்டத்தில் நிறுத்துவதுதான் சரியான வழி. பொறுமை வேண்டும்.

அளவு: 44 மி.மீ. காயினில் ஓர விளிம்பு போக எழுத்து நிற்கும் வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய 19 மி.மீ. மேல் அரைவட்டத்தின் நீளம் 60 மி.மீ. உயரம் 2.5 மி.மீ. உள்ள தமிழ் எழுத்து ஒன்று சராசரியாக மூன்றரை மி.மீ. அகலம் பிடிக்கும். ஆக 16, 17 எழுத்துக்கு மேல் அந்த அரைவட்டத்தில் போகாது. ‘அறக்கட்டளை’ என்ற சொல்லே அதில் ஏழைத் தின்றுவிடும். பெயர் நீளமாக இருந்தால் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். உங்கள் நன்கொடையாளருக்கு நீங்கள் அறக்கட்டளை என்பது தெரியும்.

உலோகக் கோடு 0.2 மி.மீட்டருக்குக் கீழே போனால் அடிக்கும்போது நிரம்பாது, நிரம்பினாலும் மெருகேற்றும்போது மறையும். இரு கோடுகளுக்கு இடையே 0.3 மி.மீ. இல்லையென்றால் பள்ளம் அடைபடும். தமிழில் இதற்கு முதல் பலி புள்ளி. புள்ளியை எழுத்துருவில் உள்ளபடி விடாமல் குறைந்தது 0.5 மி.மீ. விட்டத்துக்குப் பெரிதாக்குங்கள். மெருகுச் சக்கரத்தில் ஒரு புள்ளி போனால் ‘அன்பு’ ‘அனபு’ ஆகிவிடும். ‘ண’, ‘ன’ இவற்றின் சுழிகளுக்குள் கறுப்பு அடைந்தால் எது எது என்று தெரியாது. கோடு ஒரே தடிமனில் ஓடும் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். மெல்லியதும் தடித்ததும் மாறி மாறி வரும் அழகு எழுத்துகள் திருமண அழைப்பிதழுக்குப் போகட்டும்.

சரிபார்க்க எளிய வழி: படத்தைத் தாளில் அசல் அளவில், 44 மி.மீ. வட்டமாகவே அச்சடித்து ஒரு முழம் தள்ளி வைத்துப் படியுங்கள். திரையில் சாப்பாட்டுத் தட்டு அளவில் பார்த்துச் சம்மதம் சொல்வதால்தான் பாதித் தப்புகள் நடக்கின்றன. இந்த எழுத்துகளைப் பார்த்தே இராத புதியவர் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் கண் பெயரை மனப்பாடமாகப் படித்துவிடும்.

கியூ.ஆர். குறியீடு, தொலைபேசி எண், நீண்ட இணைய முகவரி ஆகியவற்றைக் காயினில் ஏற்றாதீர்கள். மேடுபள்ளமான உலோகத்தில் குறியீடு பெரும்பாலும் ஸ்கேன் ஆகாது, முகவரியும் ஒருநாள் மாறும். நிறுவனரின் முகத்தைச் சிறிய முப்பரிமாணத்தில் செய்வதும் ஆபத்து. கண் ஒரு மி.மீ. அளவுக்கு வரும்போது யாருடைய முகமும் வேறு யாருடையதாகவோ ஆகிவிடும். தெய்வ உருவம் வேண்டும் என்று கேட்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். காயின் பின்பாக்கெட்டில் போகும், தரையில் விழும், குழந்தை வாயில் வைக்கும். பெற்றவருக்கு அது சங்கடம்.

ஆர்டர் கொடுக்கும்போது

பின்பக்கம் எந்தத் திசையில் நிற்க வேண்டும் என்று எழுத்தில் சொல்லுங்கள். பிரிட்டிஷ் நாணயங்களில் இரு பக்கமும் ஒரே திசையில் நிமிர்ந்திருக்கும், புத்தகத்தின் பக்கம்போல இடவலமாகத் திருப்ப வேண்டும். அமெரிக்க நாணயத்தை மேல்கீழாகத் திருப்பினால்தான் பின்பக்கம் நேராக வரும். சொல்லாமல் விட்டால் தொழிற்சாலை தன் வழக்கப்படி செய்யும். கண்ணாடிச் சட்டத்தில் இருபுறமும் தெரிய வைப்பவர்களுக்கு இது தலைகீழாக வந்து நிற்கும்.

வரிசை எண்ணுக்கு டிசைனில் சமதளமான இடம் ஒதுக்க வேண்டும், குறைந்தது 8-க்கு 3 மி.மீ. விளிம்பில் பொறிக்க வேண்டுமானால் விளிம்பு வழவழப்பாக இருக்க வேண்டும். கயிறு முறுக்கு போன்ற அலங்கார விளிம்பு கேட்டுவிட்டு அதில் எண்ணும் கேட்க முடியாது. 3 மி.மீ. கனத்தில் எண் ஒன்றரை, இரண்டு மி.மீ. உயரம் வரும், போதும். பழுதென்று கழித்த காயினின் எண்ணை மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 37-ஐக் காணோம், 112 இரண்டு இருக்கிறது என்று வந்து நிற்கும்.

டை வெட்டிய பிறகு ஓர் எழுத்தை மாற்றினாலும் புதிய டைக்குப் பணம். ஆகவே படத்துக்குச் சம்மதம் சொல்லும் அதிகாரம் ஒரே ஒருவரிடம் இருக்கட்டும். குழுவின் ஏழு பேரும் வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு திருத்தம் சொல்லும் ஆர்டர் கட்டாயம் தாமதமாகும். பெருந்தொகை ஆர்டருக்கு, முழுதாக அடிக்கும் முன் ஒரே ஒரு காயினைச் செய்து நேரில் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு வாரமும் கொஞ்சம் பணமும் கூடும். புகைப்படத்தில் முலாமின் நிறமும் எழுத்தின் ஆழமும் தெரியாது.

காலக்கணக்கு: படம் முடிவாக இரண்டு வாரம், டை வெட்டி அடிக்க மூன்று வாரம், வந்து சேர ஒரு வாரம், சரிபார்த்துப் பொதிய ஒரு வாரம், கைக்காவலாக ஒரு வாரம். நிகழ்ச்சிக்கு எட்டு வாரம் முன்பு தொடங்கினால் மூச்சு வாங்காது. சீனப் புத்தாண்டு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். அதையொட்டித் தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும். மார்ச் மாத விழாவுக்கு நவம்பரிலேயே ஆர்டர் போய்விட வேண்டும்.

விலை கேட்கும்போது டை கட்டணம், ஒரு காயின் விலை, எண் பொறிக்கும் விலை, பெட்டி, அனுப்பும் செலவு, சுங்கம் என்று ஆறையும் பிரித்துக் கேளுங்கள். காயினைவிட வெல்வெட் பெட்டியும் சுங்கமும் சேர்ந்து அதிகமாகிப்போவது சகஜம். அமெரிக்காவில் 800 டாலருக்குள் வரும் சரக்குக்கு இருந்த சுங்க விலக்கு, சீனச் சரக்குக்கு 2025 மே மாதமும் மற்ற நாடுகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்ட் 29-லும் நிறுத்தப்பட்டது. பிரிட்டனில் 135 பவுண்டுக்கு மேற்பட்ட சரக்கு என்றால் எல்லையில் 20 சதவீத வாட் வரியோடு சுங்கவரியும் வரலாம். வரியெல்லாம் சேர்த்து வாசலில் இறக்கும் விலையைக் கேட்பது நிம்மதி.

வரி, சின்னம்: இரண்டு கண்ணிவெடிகள்

நன்கொடைக்குப் பதிலாக ஒரு பொருள் கொடுத்தால் அது வரிச் சலுகையைத் தொடும். பிரிட்டனில் கிஃப்ட் எய்டு (நன்கொடையாளர் கட்டிய வருமான வரியைத் தொண்டு நிறுவனம் அரசிடம் கேட்டுப் பெறும் திட்டம்) கோரும் நன்கொடைக்குப் பதிலாகக் கொடுக்கும் பொருளின் மதிப்புக்கு 2019 ஏப்ரல் 6 முதல் உள்ள வரம்பு இது: முதல் 100 பவுண்டில் 25 சதவீதம், அதற்கு மேற்பட்டதில் 5 சதவீதம், உச்சவரம்பு 2,500 பவுண்டு. ஆண்டுக்கு 120 பவுண்டு தருபவருக்கு 26 பவுண்டு மதிப்புவரை நீங்கள் கொடுக்கலாம், காயின் தாராளமாக அடங்கும். கணக்கில் எடுப்பது பெற்றவருக்கு அதன் மதிப்பை, உங்களுக்கு ஆன அடக்க விலையை அன்று. 15 பவுண்டுக்கு விற்ற காயினின் விலை நன்கொடையே ஆகாது, அதற்கு கிஃப்ட் எய்டு கோரக் கூடாது.

அமெரிக்காவில் 75 டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு பதிலுக்குப் பொருள் கொடுத்தால், பொருளின் நியாய மதிப்பையும் மீதிதான் வரிக்கழிவுக்குரியது என்பதையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சின்னம் பொறித்த மலிவான நினைவுப் பொருளுக்கு விலக்கு உண்டு. 2024-ல் அந்த வரம்பு, குறைந்தது 66 டாலர் கொடுத்தவருக்கு 13.20 டாலர் அடக்க விலைக்குள் உள்ள பொருள். இது ஆண்டுதோறும் மாறும். கணக்கரிடம் அந்தந்த ஆண்டின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

சின்னங்களில் அலட்சியம் வேண்டாம். செஞ்சிலுவை ‘மருத்துவம்’ என்பதற்கான பொதுக்குறி அன்று. ஜெனீவா ஒப்பந்தங்களால் காக்கப்பட்டது. வெள்ளைமேல் சிவப்புச் சிலுவையை உங்கள் மருத்துவ உதவிக் காயினில் போடக் கூடாது. பிரிட்டனில் போர் நினைவுக்கான பாப்பி மலர் வடிவம் ராயல் பிரிட்டிஷ் லீஜன் என்ற படைவீரர் நல அமைப்பின் வணிகச் சின்னம். படைப்பிரிவு முத்திரைகளுக்கும் அரச கிரீடத்துக்கும் அனுமதி வேண்டும். இந்தியாவில் அடித்தால் நான்முகச் சிங்கத்தைத் தொடாதீர்கள், 2005-ம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. காயினில் ‘ரூபாய்’ என்றோ வேறு பண மதிப்போ பொறிக்காதீர்கள். 2011-ன் நாணயச் சட்டம் பணமாகப் புழங்கக் கூடிய உலோகத் துண்டுகளைத் தடைசெய்கிறது.

செலவை ஏற்கும் நிறுவனம் தன் லோகோவைக் காயினில் கேட்கும். மறுத்துவிடுங்கள், அட்டையில் நன்றி போடுங்கள். லோகோ ஏறியதும் காயின் விளம்பரப் பொருளாகிவிடும், அதற்கான வரிக் கேள்விகளும் கூடவே வரும். ‘எங்கள் பணத்தில் இதுவா?’ என்று நன்கொடையாளர் கேட்பதற்கும் அந்த அட்டையிலேயே பதில் இருக்கட்டும்: இந்தக் காயினின் செலவை இன்னார் தனியாக ஏற்றார்கள், உங்கள் நன்கொடையிலிருந்து எடுக்கவில்லை என்று ஒரு வரி.

குழந்தைகள் மருத்துவமனை, பள்ளி நிதி போன்றவற்றுக்காகக் குழந்தைகள் கையிலேயே கொடுக்கப்போகிறீர்கள் என்றால் கதை வேறு. அமெரிக்காவில் குழந்தைகளுக்கான பொருளின் உலோகத்தில் ஈயம் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு), வண்ணத்தில் 90 பிபிஎம் என்று வரம்பு உண்டு. பரிசோதனைச் சான்று இல்லாமல் வாங்காதீர்கள்.

பெட்டி வந்த பிறகு

எண்ணுவதற்கு முன் எடை போடுங்கள். பத்துக் காயினை நிறுத்துச் சராசரி எடுத்தால் மொத்த எண்ணிக்கை சட்டென்று வந்துவிடும். ஒரு காயின் மட்டும் கணிசமாக எடை குறைந்தால் உள்ளே குமிழி இருக்கலாம். பத்தில் ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: வண்ணம் கரையைத் தாண்டி வழிந்திருக்கிறதா, எனாமலில் தூசி அமிழ்ந்திருக்கிறதா, விளிம்பில் கறுப்புப் புள்ளி இருக்கிறதா, புள்ளி எழுத்துகள் எல்லாம் புள்ளியோடு இருக்கின்றனவா. எண்களை மட்டும் ஒன்று விடாமல் பார்க்க வேண்டும். பத்தில் ஒன்றுக்கு மேல் பழுது தெரிந்தால் முழுப் பெட்டியையும் பிரித்துப் பாருங்கள். பழுதின் படங்களை வந்த வாரத்திலேயே அனுப்புங்கள். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

மெத்தென்ற பிவிசி உறையில் காயின்கள் வரும். அனுப்புவதற்கு அது சரி, வைத்திருக்க ஆகாது. பிவிசி நாளடைவில் கசிந்து தாமிரம், பித்தளைப் பரப்பில் பச்சையாகப் பிசுபிசுக்கும். காயின் சேகரிப்பவர்களுக்கு இது பழைய துன்பம். 44 மி.மீ. அக்ரிலிக் வில்லைக் கூடு வாங்கிப் போட்டுக் கொடுங்கள். வெல்வெட் பெட்டியைவிட மலிவு, மெலிவு.

தபாலில் வெறும் உறையில் போடாதீர்கள். பிரிக்கும் இயந்திரத்தில் காயின் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே போகும். பிரிட்டனில் சாதாரணக் கடிதம் 5 மி.மீ. கனம், 100 கிராம்வரைதான். கூட்டோடு உள்ள காயின் அதைத் தாண்டும். 25 மி.மீ. கனம்வரை போகும் ‘லார்ஜ் லெட்டர்’ வகையில், காயின் அளவுக்குத் துளை வெட்டிய அட்டையில் பதித்து, குமிழ் உறையில் அனுப்பலாம். வெல்வெட் பெட்டி 25-ஐயும் தாண்டிப் பார்சலாகிவிடும். 250 பேருக்குத் தபால் செலவில் அது பெரிய தொகை.

ஆனால் தபால் இரண்டாம் பட்சம். கைகுலுக்கும்போது உள்ளங்கையில் மறைத்து மாற்றுவதுதான் ராணுவ மரபு. மேடையும் மாலையும் இல்லாமல் ஒரு நொடியில் முடியும், பெற்றவர் கையை விரித்துப் பார்க்கும்போதுதான் தெரியும். விளம்பரத்தை விரும்பாத நன்கொடையாளருக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. ரசீதோடு சேர்த்து அனுப்பினால் அது ரசீதின் இணைப்பாகிவிடும். வேறொரு நாளில், காரணத்தைச் சொல்லிக் கொடுங்கள்: ‘மூணு வருஷமா ஒரு மாசம்கூட விடலைங்க, அதுக்குத்தான்.’

எண், பெயர், தேதி, கொடுத்தவர் ஆகிய நான்கு பத்திகளில் ஒரு பதிவேடு வையுங்கள். ஒன்றாம் எண் யாருக்கு என்ற சண்டை கட்டாயம் வரும். 1 முதல் 10 வரை யாருக்கும் கொடுக்காமல் நிறுவனக் காப்பகத்துக்கு ஒதுக்கிவிட்டால் சண்டைக்கே இடமில்லை. தொலைத்துவிட்டேன் என்பவருக்குப் பழைய எண்ணில் மறுபடி செய்யாமல் புதிய எண்ணைக் கொடுத்து, பதிவேட்டில் இரண்டையும் இணைத்து எழுதுங்கள். பெயர்களை இணையத்தில் போடுமுன் ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்குங்கள். டை யாருக்குச் சொந்தம், எத்தனை ஆண்டு பத்திரமாக வைப்பார்கள் என்பதைத் தொழிற்சாலையிடம் எழுத்தில் கேட்டு அதே கோப்பில் சேருங்கள். மூன்றாவது ஆண்டில் நூறு காயின் மறுபடி தேவைப்படும்.

அட்டையின் அடியில் பராமரிப்புக்கு ஒரு வரியும் போடுங்கள். நம் வீடுகளில் பித்தளை என்று கண்டால் கை தானாகப் புளியையும் பீதாம்பரியையும் தேடும். கறுத்த முலாமிட்ட காயினை ஒரு தடவை புளி போட்டுத் தேய்த்தால் பள்ளத்தில் உள்ள கறுப்பும் மேலே உள்ள முலாமும் சேர்ந்து போகும், எழுத்து படிக்காது. காய்ந்த மென்துணியால் துடைத்தால் போதும்.